தவிட்டுக்கு வாங்கிய பெயர்

ஓசூர்
12.2.1986

அன்புள்ள வஹிதா அக்காவுக்கு,

உசேன் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? மச்சான் கடையில் பஞ்சு அடிக்கிற மெஷின் மறுபடி ஓடுகிறதா? குல்ஷன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? இதையெல்லாம் நிஜமாகவே கேட்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

கல்யாணம் முடிவாகிவிட்டது. பெண் காரிமங்கலம். பெயர் பூங்காவனம், டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள். அவள் அப்பா ராஜாமணி, சந்தைக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். ஏப்ரல் கடைசி ஞாயிறு தேதி குறித்திருக்கிறார்கள். ஏரியூரில் ஆத்தாவுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இத்தனை நாள் பாக்டரி ஆட்களோடு ஒரே ரூமில் கிடந்தேன். இனி வீடு வேண்டுமே என்று தேட ஆரம்பித்தேன். போன இடத்திலெல்லாம் பேரைக் கேட்டார்கள். உசேன் என்றேன். “நாங்க சைவமுங்க” என்றார் ஒருவர். “மவன் வெளியூர்லேர்ந்து வரான்” என்றார் இன்னொருவர். கடைசியாகப் போன வீட்டில் கதவைச் சாத்தப் போனவர் என்னவோ தோன்றி, “அப்பா பேரு?” என்று கேட்டார். ஏரியூர் பச்சியப்பன் என்றேன். “அடடே, நம்ம ஆளா! மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா அசிங்கப்படுவதா என்று தெரியவில்லை.

ராஜாமணி மாமாவுக்கும் இந்தப் பேர்தான் பிரச்சினை. “பத்திரிகையில உசேன், பூங்காவனம்னு போட்டா பாக்கறவன் என்ன நெனப்பான்? எம்பொண்ணு ஓடிப்போயிட்டான்னு நெனப்பான்!” அவர் கெட்ட மனிதரில்லை அக்கா. ஊருக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான்.

அதனால் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சிவகுமார் என்று. கெஜட்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் நேரில் வந்தால் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராது.

உங்கள் தம்பி
உசேன்


பென்னாகரம்
20.2.1986

உசேன்,

‘அன்புள்ள’ எல்லாம் இந்தத் தடவை கிடையாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுதான், ஆனாலும் பயம். கல்யாணம் என்ற வரைக்கும் சொன்னேன். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாங்க. “மொத நலங்கு நாந்தான வெக்கணும், எந்தச் சேலையடி கட்டறது?” என்று நேற்றிலிருந்து பெட்டியைக் கலைத்துக்கொண்டிருக்கிறாங்க. அவர்களிடம் போய் நான் என்னத்தைப் பக்குவமாகச் சொல்வது?

உனக்குத் தெரிந்த கதைதான். மறந்துவிட்டாய் போலிருக்கிறது, மறுபடி சொல்கிறேன்.

உன் ஆத்தா சின்னம்மாளுக்கு முதலில் பிறந்தவனுக்கு உங்கள் குலசாமி சென்றாயப் பெருமாள் பேர். சென்றாயன் தவழ்கிறதற்குள் போய்விட்டான். அடுத்தவனுக்குத் தர்மராசா பேரை வைத்தார்கள். தர்மனும் நிற்கவில்லை. சாமி பேர் எதுவும் காப்பாற்றவில்லை என்றுதான் உன் ஆத்தா உன்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தது. உங்கள் கொல்லை இலவம்பஞ்சு எங்கள் அத்தா நூர் பாஷாவுக்குத்தான் வரும், அந்தப் பழக்கம். பஞ்சு மூட்டை மேலே உன்னைப் படுக்கவைத்துவிட்டு, “இந்தப் புள்ளைய வாங்கிக்குங்க. என் புள்ளையா இருந்தா எமன் தேடிக்கிட்டு வரான்” என்றது. நான் அப்போது சின்னப் பெண், கூடவே நின்று பார்த்தேன். அம்மா நேரே பின்கட்டுக்குப் போனாங்க. எருமைக்கு வைத்திருந்த தவிட்டை ஒரு முறம் அள்ளி என்னிடம் கொடுத்தாங்க. நான்தான் உன் ஆத்தா மடியில் கொட்டினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் உன் ஆத்தா தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே போனது. அதற்குப் பிறகுதான் அம்மா கத்தினாங்க: “ஏ சின்னம்மா! என் புள்ளைக்குப் பால் குடுக்க ஆள் வேணும், வர்றியா?” அப்படித்தான் நீ உன் ஆத்தாவிடமே போனாய். எங்கள் வீட்டுப் பிள்ளையாகப் போனாய்.

பேர் வைத்தது அம்மா. இப்படி விற்கிற பிள்ளைக்கு பக்கீர் என்றோ மஸ்தான் என்றோ வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிறகு அம்மாவுக்கு எதுவும் தங்கவில்லை. பையன் பிறந்தால் வைக்கவென்று ஒரு பேர் வைத்திருந்தாங்க. அதை எடுத்து உனக்குக் கொடுத்துட்டாங்க. உசேன் என்றால் சின்ன அழகன் என்று அர்த்தமாம், அத்தா சொல்வார். நீ பிறந்தபோது கறுப்பாக எலிக்குஞ்சு மாதிரி இருந்தாய், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா பேரைச் சொன்னதும் உனக்குச் சாவி கிடைத்தது. உன் மச்சான் தர்மபுரியில் இன்னொரு கடை போட இடம் தேடி அலைந்துவிட்டு வந்தாரே, அவரிடமும் பேர் கேட்டார்கள். கவுஸ் பாஷா என்றார். அவர் அப்பா பேரைக் கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. உனக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்ற முடிகிறது. நாங்கள் எங்கே போவது?

அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். தைரியம் இருந்தால் நீயே வந்து சொல்.

வஹிதா


ஓசூர்
16.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாளாயிற்று. எடுத்து எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிடுவேன். கோபம் வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்தேன், அதற்கும் கோபம் வந்தது.

சட்டை மாதிரி என்று எழுதிவிட்டீர்கள். இந்தப் பேரோடு நான் எப்படி வளர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது அக்கா. உங்கள் வீட்டில் அது வெறும் பேர். வெளியே வந்தால் அது ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, “பச்சியப்பன் மவன் உசேனா? என்னய்யா கூத்து இது, ஜாதின்னு என்ன எழுதறது?” என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார். ஊர்த் திருவிழாவில் என் பேருக்கு அர்ச்சனை என்றால் பூசாரி ஆத்தாவையே பார்ப்பார். “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்று ஆத்தா தலையைக் குனிந்துகொள்ளும். காலேஜில் ரம்ஜானுக்கு என்னைத் தொழுகைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்றதும், “அப்ப எதுக்குடா இந்தப் பேரு?” என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நான் பொய்க்காரன்.

போன வருஷம் ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் கலாட்டா. ஆட்கள் கும்பலாக வந்து ஒவ்வொருவரையும் பேர் கேட்டார்கள். அந்தக் கும்பல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பேரைச் சொன்னால் விடுவார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் போலீஸ் வந்ததால் பிழைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளை அப்படி நிற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அது தப்பா?

பத்திரிகை அச்சாகிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாமா என்னை ஒரு சோசியரிடம் கூட்டிப்போனார். பேரைச் சும்மா மாற்றக் கூடாதாம், வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டுமாம், அப்போதுதான் எந்தக் குற்றமும் யாரையும் அண்டாது என்றார். முறைப்படி செய்துவிட்டால் அம்மாவுக்கும் மரியாதை என்று எனக்கும் பட்டது. என்னோடு வேலை செய்கிற சவுரியப்பன் அடுத்த வாரம் பென்னாகரம் வருகிறான். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா கண்டிப்பாக வர வேண்டும். பேர் எதுவானாலும் முதல் நலங்கு அம்மாதான் வைக்க வேண்டும்.

உங்கள் தம்பி


பென்னாகரம்
29.3.1986

திரு. சிவகுமார் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய தவிட்டு மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது.

அட பாவி! எப்படிடா உனக்கு மனசு வந்தது?

அந்த சவுரியப்பனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, “உசேன் குடுத்துவிட்டாருங்க, தவிடு” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியாடி, போன தடவை வந்தப்ப எருமை எளைச்சுப் போச்சுன்னு சொன்னேன், ஞாபகம் வெச்சு அனுப்பியிருக்கான் எம்புள்ள!” பக்கத்து வீட்டு ரோசம்மாளைக் கூப்பிட்டு மூட்டையை அவிழ்த்துக் காட்டி, கையில் அள்ளி, “நைஸ் தவிடு, நம்மூர்ல எங்க கெடைக்குது?” என்று ஒரே பேச்சு. நான் அடுப்பங்கரையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் எருமைக்குக் கலக்கப் போனபோது என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவகுமாரையும், சோசியரையும், பத்திரிகையையும்.

அம்மா அழவில்லை. மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, “அவன் ஆத்தா எடுத்துட்டுப் போனது ஒரு மொறம். இவன் ஒரு மூட்டை அனுப்பியிருக்கான். அவ்வளவு அவசரமாடி அவனுக்கு?” என்று என்னைக் கேட்டாங்க.

பஸ் ஸ்டாண்டு விஷயத்தைப் படித்து நானும் பயந்துபோனேன். அது உண்மை. அதை அம்மாவிடம் வந்து சொல்லியிருந்தால் அம்மாவே, “போடா, உசுரு முக்கியம், மாத்திக்கடா” என்று சொல்லியிருப்பாங்க. உனக்கு அம்மாவைத் தெரியாதா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாங்க. நீ கணக்குத் தீர்த்துவிட்டாய்.

பத்திரிகையை உன் மச்சான் படித்துக் காட்டினார். “செவகுமாருன்னா யாரு? எனக்குத் தெரியாத புள்ள கல்யாணத்துக்கு நான் எப்புடிப் போறது?” என்றாங்க. சேலையை மடித்து மறுபடி பெட்டியில் வைத்துட்டாங்க.

நாங்கள் யாரும் வரமாட்டோம்.

வஹிதா


ஓசூர்
11.5.1986

அக்கா,

கல்யாணம் முடிந்தது. நீங்கள் கடைசி நேரத்திலாவது வருவீர்கள் என்று முகூர்த்தம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்னாகரம் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் எழுந்து பார்த்தேன். மாமா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

நலங்கில் என்ன நடந்தது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். மணையில் உட்கார்ந்தாயிற்று. “பையனைப் பெத்தவங்க வாங்க, மொதல்ல நீங்க வைங்க” என்று ஆத்தாவைக் கூப்பிட்டார்கள். ஆத்தா தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரவேமாட்டேன் என்றுவிட்டது. மாமா வந்து கெஞ்சினார். ஆத்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நான் பால் குடுத்தவளுங்க. புள்ள அவங்க வூட்டுது. வித்துட்டு வந்தவ எப்புடீங்க மொதல்ல வெக்கறது? உரிமைப்பட்டவங்கள நீங்க வரவுடாம பண்ணிட்டீங்களே!” என்று சொல்லிவிட்டது. சபையில் ஒரே சலசலப்பு. தவிட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று மாமா சொல்லிப் பார்த்தார். “நீங்க குடுத்தா முடிஞ்சுருமா? அன்னிக்கு மடி ஏந்துனது நானு” என்றது ஆத்தா. கடைசியில் மாமாவின் தங்கை வந்து மஞ்சள் பூசினார். நலங்கு முடிகிற வரைக்கும் ஆத்தா அழுதுகொண்டிருந்தது.

பூங்காவனம் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இங்கே வந்து இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் பழைய பேர்கூட அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். “எங்கப்பா சொன்னாருன்னா நீங்க மூட்டை கட்டி அனுப்பிடுவீங்களா? உங்களுக்கா ஒண்ணும் தோணலியா?” என்று கேட்டுவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை. பென்னாகரம் போகலாம் என்று தினமும் சொல்கிறாள். லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். லீவு இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

புது வீட்டு வாசலில் சிவகுமார் என்று போர்டு மாட்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாக நடத்துகிறார். தெருவில் பின்னாலிருந்து யாராவது “சிவகுமார் சார்” என்று கூப்பிட்டால் எனக்குக் காதில் விழுவதே இல்லை. திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது பேசினாங்களா? திட்டினாங்க என்றாலும் எழுதுங்கள்.

கீழே எந்தப் பேரை எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


பென்னாகரம்
8.1.1987

தம்பிக்கு,

நல்லா இருக்கிறாயா? இத்தனை மாதம் பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. நான் மாசமாக இருந்தேன். இந்த வயதில் மறுபடியுமா என்று வெட்கம் வேறு. அம்மா உன்னைத் திட்டினாங்களா என்று கேட்டிருந்தாய். திட்டவே இல்லை. அதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். உன் பேச்சே எடுக்கமாட்டாங்க. யாராவது விசாரித்தால், “ஓசூர்ல இருக்காரு” என்பாங்க. அவ்வளவுதான்.

உன் ஆத்தா மாதம் ஒருமுறை வந்து போகிறது. இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களும் உன்னைப் பற்றிப் பேசுவதாகத் தெரியவில்லை.

போன மாதக் கடைசியில் எனக்குப் பையன் பிறந்தான். இரண்டு பெண்களுக்குப் பிறகு பையன். உன் மச்சானுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவருடைய அத்தா பேரை வைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தார். ஏழாம் நாள் முடி எடுத்து எல்லாம் ஆனது. அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உன் மச்சானைப் பார்த்து, “மாப்ள, எங்கிட்ட ஒரு பேரு சும்மா கெடக்குது. வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. இவனுக்கு வெக்கட்டுங்களா?” என்று கேட்டாங்க. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

உசேன் என்று வைத்தாயிற்று.

மறைக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு குரூர சந்தோஷம் இருந்தது. நல்லா வேணும் அவனுக்கு என்று நினைத்தேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு குழந்தையை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து படுத்தேன். குல்ஷன்தான், “அப்ப உசேன் மாமாவ என்னன்னும்மா கூப்புடறது?” என்று கேட்டாள். மாமா என்று மட்டும் கூப்பிடு என்றேன்.

வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பூங்காவனத்தை எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கூட்டிக்கொண்டு வா. குழந்தையைப் பார்க்கிற சாக்கில் வா. அம்மா துரத்தமாட்டாங்க. அதற்கு நான் பொறுப்பு.

வஹிதா


ஓசூர்
26.1.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நாங்கள் வந்துவிட்டுப் போனதை அம்மா சொல்லியிருப்பாங்க. நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. இதை அம்மா சொல்லியிருக்க மாட்டாங்க.

நீங்கள் சொன்னது சரி. அம்மா துரத்தவில்லை. “வாங்க வாங்க” என்று வாசலுக்கே வந்தாங்க. பூங்காவனத்தின் கன்னத்தை வழித்து, “எம்மாடி, எவ்வளவு லட்சணம்! சாப்புட்டியா கண்ணு?” என்றாங்க. உள்ளே கூட்டிப்போய்ப் பூ வைத்துவிட்டாங்க. பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்து அவள் கையில் கொடுத்தாங்க. கட்டாத புதுச் சேலை. அது எந்தச் சேலை என்று நான் கேட்கவில்லை.

என்னைப் பார்த்து, “உக்காருங்க” என்றாங்க. நின்றுகொண்டே இருந்தேன். “ஏன் நிக்கறீங்க, உக்காருங்க. வேலையெல்லாம் சௌரியமா இருக்குதுங்களா? டீ சாப்புடுறீங்களா, காப்பியா?” என்று கேட்டாங்க. நான் காபி குடிக்கமாட்டேன் என்பது அந்த வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும் அக்கா. பிறந்ததிலிருந்து அம்மா என்னை ‘வாடா போடா’ தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. ஒரு தடவை கிணற்றில் எட்டிப் பார்த்ததற்கு முதுகில் வைத்தாங்களே, அந்த அறைக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. இந்த ‘ங்க’வைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அம்மா டீ போட அடுப்பங்கரைக்குப் போனாங்க. டீ வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அப்போது அங்கிருந்தே, “ஏன்டா உசேனு, எந்திரிச்சுட்டியாடா?” என்று அம்மா சத்தமாகக் கூப்பிட்டாங்க.

“இதோ வந்துட்டேம்மா” என்று எழுந்து ஓடினேன். அக்கா, சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போயிற்று. அடுப்பங்கரை நிலையில் அம்மா மேல் மோதிக்கொள்ளப் பார்த்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டில் பக்கம் வந்துகொண்டிருந்தாங்க. குழந்தை சிணுங்கினது எனக்குக் கேட்கவே இல்லை.

அம்மா நின்று என் முகத்தைப் பார்த்தாங்க. இப்போது என்னை அடிக்கப் போறாங்க, அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“உங்கள இல்லீங்க” என்றாங்க.

குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினாங்க. பூங்காவனம் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கை வரவில்லை. கோபமெல்லாம் இல்லை, நம்புங்கள். நல்ல அழகான பிள்ளை. நன்றாக இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

மறுபடி வரலாம் என்கிறாள் பூங்காவனம். நானும் வரத்தான் போகிறேன். எனக்கு வேறு வீடு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். கதவைத் தட்டினால் அம்மா உள்ளேயிருந்து, “யாரு?” என்று கேட்பாங்களே, அதற்கு நான் என்ன சொல்ல அக்கா?

தம்பி